கோபுரம், ஊசி, கைப்பேசி: சனிக்கிழமைக் கூட்டத்திற்கு முன் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெறும். வழக்கமாக நிகழ்ச்சி நிரலை மட்டும் அனுப்பிவிட்டு விட்டுவிடுவோம். இந்த முறை செயலாளரிடம் வந்து சேர்ந்த தீர்மானங்களைப் படித்த பிறகு, மண்டபத்தில் குரல் உயர்வதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் பேசிவிடலாம் என்று தோன்றியது.

பள்ளிக்குப் பின்னால், செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டோரம் எழும்பியிருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்தை அகற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தடுப்பூசி போடக்கூடாது என்று இன்னொன்று. பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற மலேசிய அரசாங்கத்தின் முடிவை எதிர்த்து மூன்றாவது. அதே முடிவை வரவேற்று நான்காவது. கடைசி இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்று கணவருடையது, மற்றது மனைவியுடையது. அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் சுவையாகத்தான் இருக்கும்.

முதலில் கோபுரம்.

நம் பெற்றோர் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றிவந்த குரல் பதிவை நானும் கேட்டேன். ஏதோ ஒரு வெளிநாட்டில், ஏதோ ஒரு பள்ளியில், கோபுரம் வந்த பிறகு பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்ததாம். பேசுபவர் தம் பெயரைச் சொல்லவில்லை. நாட்டின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் குரலில் அப்படியோர் உறுதி! கேட்கும்போது எனக்கே ஒரு கணம் வயிற்றைப் பிசைந்தது.

கோபுரம் வெளியிடுவது வானொலி அலை. எக்ஸ்ரே கதிரைப் போல உடலணுவின் உள்ளே புகுந்து அதன் கட்டமைப்பை உடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகையால் வேலிக்கு அப்பால் நிற்கும் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டிப் பிடித்திருக்கும் கைப்பேசிதான் நம் உடலுக்கு அதிக அலையைக் கொடுக்கிறது. இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. சமிக்ஞை பலவீனமாக இருக்கும் இடத்தில் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டித்தான் பேச முயலும். கோபுரத்தைத் தொலைவுக்குத் தள்ளினால், வீட்டில் பிள்ளையின் கையில் இருக்கும் கருவி இன்னும் கூடுதலாக உழைக்கும்.

"உலகச் சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறதே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். அதன் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2011-இல் வானொலி அலைகளை 2பி பிரிவில் வைத்தது. சான்று போதவில்லை, முழுதாக விலக்கவும் முடியவில்லை என்னும் நிலையில் உள்ளவற்றுக்கான பிரிவு அது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. பிறகு, அதே நிறுவனம் ஏற்பாடு செய்து 2024-இல் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு, கைப்பேசிப் பயன்பாட்டிற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்று சொன்னது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளி மூடியபோது, தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் பாடத்தைப் பதிவிறக்க எங்கே போனார்கள்? கோயில் மேட்டுக்கு. மழை வந்தால் கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்போது "எங்கள் தோட்டத்துக்கு ஒரு கோபுரம் வேண்டும்" என்று மனுவில் கையெழுத்திட்டவர்கள் சிலரின் பெயரை இப்போதைய தீர்மானத்திலும் பார்க்கிறேன். மனம் மாறுவது குற்றமில்லை. மாறியதற்கான காரணத்தைச் சனிக்கிழமை சொல்லுங்கள்.

அதே சமயம், கோபுரம் பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, அது வேறு வகை. அதை எழுப்புவதற்கு முன் யாரும் பள்ளியைக் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் லாரி வந்தது, வேலி போட்டார்கள். மின்தடை வந்தால் அங்குள்ள ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் நான்காம் ஆண்டு ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டித்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. இது கண்ணெதிரே நடப்பது, காதால் கேட்பது. தீர்மானத்தை இதன்மீது எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஊராட்சி மன்றத்துக்கு ஒரு கடிதம், கதிர்வீச்சு அளவை அளந்து காட்டும்படி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு ஒரு கடிதம் என இரண்டின் வரைவும் தயாராக இருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள்: "டீச்சர், பெரிய இடத்தில் ஆபத்தில்லை என்று சொன்னால் நாங்கள் நம்பிவிட வேண்டுமா?" கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா மருந்து அடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தொட்டி, காலில் கிழிந்த பூட்ஸ், முகத்தில் ஒரு பழைய துண்டு. அவர் அடித்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. விரல் நகங்கள் வெளுத்து, அடியோடு பெயர்ந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரவில் மூக்கில் இரத்தம் வடியும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்பார். தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுப்பார். ஆபத்தில்லை என்று மேலேயிருந்து வந்த சொல்லை நம்பித்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் மூச்சுத்திணறிப் போனார்கள்.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து 1989-இலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நின்றது. நம் நாட்டில் 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியன்றுதான் முழுத் தடை வந்தது. வெவ்வேறு அமைச்சர்களின் மேசையில் அந்தக் கோப்பு கிடந்த காலத்தையெல்லாம் எங்கள் அம்மாக்கள் வரப்பில் நின்று கழித்தார்கள். கோபம் இல்லாமல் இதை எழுத எனக்கு வராது.

ஆனால் அந்தச் சண்டை எப்படி வெல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். தெனாகனித்தா என்னும் பெண்கள் உரிமை அமைப்பினர் தோட்டம் தோட்டமாகப் போய் மருந்தடிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். நகத்தைப் பார்த்தார்கள், மருத்துவச் சோதனை செய்தார்கள், எழுதி வெளியிட்டார்கள். யார், எங்கே, எத்தனை பேர், என்ன நோய் என்று அடுக்கியபோதுதான் அதிகாரம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று தோட்ட மேனேஜரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இன்று அந்தக் குரல் பதிவிடமும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மேனேஜரை நம்பாத நாம், பெயர் தெரியாத ஒருவரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

தடுப்பூசிக்கு வருகிறேன். முதலாம் ஆண்டில் போடப்படுபவை இரண்டு: தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஒன்று; தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), நரம்பிழுப்பு (டெட்டனஸ்) நோய்களுக்கு ஒன்று. இரண்டும் புதியவை அல்ல. உங்களில் பலர் இதே போன்ற ஊசியை இதே பள்ளியில் போட்டுக்கொண்டு அழுதவர்கள்தாம். நம் நாட்டில் இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் மறுப்பதற்கும் இடம் இருக்கிறது. மறுப்பவர் பிள்ளையை நான் வேறு மாதிரி நடத்தப்போவதில்லை. ஆனால் பள்ளியிலேயே யாருக்கும் போடக்கூடாது என்று தீர்மானம் போடுவது, மற்றவர் பிள்ளைக்கும் சேர்த்து நீங்கள் முடிவெடுப்பதாகும். அதை நான் ஏற்கமாட்டேன்.

ஊசியால் மனவளர்ச்சி பாதிக்கும் என்ற பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998-இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையிலிருந்து. பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது அது. 2010-இல் அந்த இதழே கட்டுரையை நீக்கியது. எழுதிய மருத்துவரின் பெயரும் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை போனது, பயம் மட்டும் தங்கிவிட்டது. ஊசியை விட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் நாடு பார்த்திருக்கிறது. 2016-இல் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாதம் அற்ற நாடு என்று சான்று பெற்ற மலேசியாவில், 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரானில் ஒரு கைக்குழந்தைக்கு அந்த நோய் வந்தது. 1992-க்குப் பிறகு அதுவே முதல் முறை. தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். நம் முதலாம் ஆண்டு வகுப்பு சிறியது; மூன்று வீடுகள் மறுத்தாலே அந்த அளவு கைவிட்டுப் போய்விடும்.

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வீட்டிலும் செய்வோம். அது ஊசிக்குத் தடையில்லை. படிவம் மலாயில் இருப்பதால் சிலர் படிக்காமலே "வேண்டாம்" என்று கோடு போட்டுவிடுகிறீர்கள் என்று வகுப்பாசிரியர் சொன்னார். சனிக்கிழமை கிளினிக் மிஸ்ஸி (தாதி) நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழிலேயே கேளுங்கள். ஒவ்வாமை, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவ அட்டையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

சமூக ஊடகக் கணக்கு விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். 2025 நவம்பரில் அரசாங்கம் அறிவித்ததும், டிசம்பர் 10-ஆம் தேதி ஆஸ்திரேலியா தன் நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். அங்கே அபராதம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அது சரியான பக்கம் என்று நினைக்கிறேன். இதுவரை நாம் பழகியிருந்த பதின்மூன்று வயது என்ற வரம்பு, பிள்ளை மனத்தை ஆராய்ந்து வைத்ததல்ல. பிள்ளைகளின் தகவலைத் திரட்டுவது பற்றி அமெரிக்கா 1998-இல் போட்ட சட்டத்திலிருந்து வந்தது. எதிர்ப்புத் தீர்மானம் எழுதிய தந்தையின் கேள்வியும் நியாயமானதே: வயதை உறுதிசெய்ய அடையாள அட்டையை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் காட்ட வேண்டுமா? மானியப் பெட்ரோலுக்கு நிலையத்தில் மைகார்டு என்னும் நம் அடையாள அட்டையைச் செருகுவதும் இதுவும் ஒன்றல்ல என்கிறார் அவர். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குக் கேள்வியாக அனுப்பலாம்.

வரவேற்றுத் தீர்மானம் எழுதிய தாயின் கவலை எனக்கு அன்றாடம் கண்ணில் படுகிறது. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் சில பிள்ளைகளின் டிக்டாக் கணக்கில் பிறந்த ஆண்டு 1990 என்று இருக்கிறது. அந்த எண்ணைத் தட்டியது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றித் தீர்மானம் எதுவும் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "என் தாத்தா" என்று கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவன் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கிய கட்டுரையில் தாத்தா விடியற்காலையில் ஏர் பூட்டி, காளைகளை ஓட்டிக்கொண்டு, காவிரிக் கரைக்குப் போகிறார். பிழையே இல்லாத தமிழ். அவன் தாத்தாவை எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், நெற்றியில் விளக்குக் கட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. கருவி படித்த தமிழில் நம் தோட்டம் மிகக் குறைவு, அது என்ன செய்யும்? பையனைக் கண்டிக்கவில்லை. தாத்தாவிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வரச் சொன்னோம். வந்த கட்டுரையில் எழுத்துப்பிழைகள் நிறைய. அதைத்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். கணக்கில் ஐயம் கேட்பதற்கும், மலாய்ச் சொல்லுக்குப் பொருள் தேடுவதற்கும் பிள்ளைகள் அக்கருவியைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை.

ஒரு சிறு ஏற்பாடு. சனிக்கிழமை தீர்மானம் கொண்டுவருபவர்கள், எங்கே படித்தீர்கள் அல்லது யாரிடம் கேட்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதித் தாருங்கள். "பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்" என்றாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள். புலனத்தில் வருவதைச் சரிபார்க்கத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017 முதல் நடத்தும் செபெனார்ஞா தளத்தைத் திறந்துகாட்டக் கணினி அறை ஆசிரியர் எட்டரை மணிக்கே இருப்பார்.

சிற்றுண்டிச்சாலையில் தேநீரும் வடையும் உண்டு. செம்பனைப் பழக்குலை லாரி வெளியேறும் நேரமாதலால் மோட்டார் சைக்கிள்களைக் கோயில் பக்கம் நிறுத்துங்கள். முதலாம் ஆண்டு ஒப்புதல் படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும்; மிஸ்ஸியிடம் பேசிய பிறகே முடிவெடுப்போம் என்பவர்கள் திங்கட்கிழமை காலை கொடுக்கலாம்.

இக்கண்,
தலைமையாசிரியர்