போர்வை கொண்டுவந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

எங்கள் கூட்டுத் தோட்டத்துக்கு இந்த இலையுதிர்காலத்தில் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கடைசிக் கூடையும் பகிர்ந்தளிக்கப்பட்டு, பாத்திகளில் பாதி மூடாக்குக்குக் கீழே போய்விட்ட இந்த வாரத்தில் இம்மடலை எழுதுகிறேன். அறுவடை நாளன்று எல்லோரையும் பந்தலடியில் நிற்கவைத்து இரண்டு நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்துவிடுவதுதான் இதுவரை நம் பழக்கம். அன்று அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் காய் பறிக்க வந்தவர்கள். பறிப்பதற்குக் காய் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொண்டவர்களில் பலர் அன்று வருவதே இல்லை என்பது இந்த ஆண்டுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்காகவே இம்முறை எழுத்தில் நன்றி சொல்ல விரும்பினேன்.

முதல் நன்றி, முதல் உறைபனி இரவில் வந்தவர்களுக்கு. அன்றைய வானிலை அறிவிப்பு இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் என்றது. மூன்று டிகிரியில் உறைபனி விழாது என்று நானும் குழுவினருக்குச் செய்தி அனுப்பிவிட்டு உறங்கப் போக இருந்தேன். அறிவிப்பில் வரும் அளவு தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுக்கப்படுவது என்பதும், மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து அதைவிடச் சில டிகிரி கீழே போய்விடும் என்பதும், குளிர்ந்த காற்று கனமானது ஆகையால் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கித் தாழ்வான பாத்திகளில் தேங்கும் என்பதும் நான் அறியாதவை அல்ல; பிறருக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்தவைதாம். அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. கீழ்ப்பாத்தியைப் பராமரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெப்பமானியைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கே அது ஒரு டிகிரிக்கு வந்துவிட்டதென்று தொலைபேசியில் சொன்ன பிறகே என் தவறு புரிந்தது. என் முந்தைய செய்தியை நம்பிப் படுத்துவிட்டவர்களையும் எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பப்பட்டவர்களில் ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் பழைய படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் சாக்குகளும் வந்து குவிந்தன. பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்தவர்களிடம், அது இலையைத் தொடும் இடத்தில் குளிர் நேராக இலைக்குப் போய்விடும் என்று சொல்லிக் குச்சிகள் நட்டு அதன்மேல் போடவைத்தவர்களுக்கும், துணியைச் செடியின் கழுத்தோடு கட்டிவிடாமல் தரைவரை தொங்கவிட்டு மண்ணின் சூடு உள்ளேயே தங்கும்படி ஓரங்களில் கல் வைத்தவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் போய்ப் பார்த்தபோது, துணி போதாமல் விடப்பட்ட வெள்ளரிக்கொடிகள் வெந்நீர் ஊற்றியதைப் போலக் கருத்துச் சுருண்டு கிடந்தன. இரண்டடி தள்ளிப் போர்வைக்குள் இருந்த குடைமிளகாயும் தக்காளியும் எதுவும் நடவாதது போல நின்றன.

அந்தத் தக்காளி பிறகு மூன்று வாரம் ஒரு வீட்டின் ஓர் அறையையே பிடித்துக்கொண்டது. இரவுகள் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே போனால் காய் செடியிலேயே கிடந்தாலும் ஒழுங்காகப் பழுக்காது என்பதால், நிறம் மாறத் தொடங்கியவற்றையும் முற்றிய பச்சைக் காய்களையும் பறித்துவிட்டோம். அவற்றைச் செய்தித்தாளின் மேல் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, பழுத்த ஒன்றிரண்டை நடுவில் வைத்து (பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்கத் தூண்டும்), நாள்தோறும் அழுகியதைப் பொறுக்கி எறிந்து, வாரந்தோறும் பழுத்ததைப் பங்கிட்டுக் கொடுத்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்களுடைய விருந்தினர் அந்த வாரங்களில் கூடத்தில்தான் படுத்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

பரங்கிக்காய்களைச் சுமந்த பிள்ளைகளுக்கு என் அன்பு. போன ஆண்டு காம்பைப் பிடித்துத் தூக்கி நான்கு காய்களின் காம்பை ஒடித்தவன் நான்தான். ஒடிந்த இடத்தின் வழியே அழுகல் புகுந்து அந்த நான்கும் மாதம் தாங்கவில்லை. இந்த ஆண்டு பிள்ளைகள் ஒவ்வொரு காயையும் கைக்குழந்தையைப் போல இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுத்துவந்தார்கள். தம் கண்ணாடிக் கூடத்தைப் பத்து நாள் விட்டுக்கொடுத்த அக்காவின் தயவால் தோல் நன்றாக இறுகியது. உருளைக்கிழங்கு தோண்டியவர்களுக்கும், தாள் சாய்ந்த வெங்காயத்தைப் பிடுங்கிப் பின்னித் தொங்கவிட்டவர்களுக்கும், குழாய்த் தண்ணீர் தந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

மக்குக் குழியைப் பார்த்துக்கொண்ட இருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அவர்கள் அறுவடையிலிருந்து ஒரு கூடைகூட எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைக் கழிவு மட்டும் சேர்ந்தால் குவியல் கூழாகி நாறும். காய்ந்த இலை மட்டும் சேர்ந்தால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். காய்ந்த இலையில் மிகுந்த கரிமம் 25 முதல் 30 பங்கு, பச்சைக் கழிவில் மிகுந்த நைட்ரசன் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டி இரண்டையும் கலந்து, ஈரம் பார்த்து, வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப்போட்டு, குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும்படி அவர்கள் வைத்திருந்தார்கள். குளிர்ந்த காலைகளில் அதிலிருந்து ஆவி எழுவதை நின்று பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். கருகல் நோய் கண்ட தக்காளிச் செடிகளை ஒரு தண்டுகூட அதில் கலந்துவிடாமல் தனியே அப்புறப்படுத்தியதும் அவர்களே. இலைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்ட தெருவாசிகளுக்கும் இந்த நன்றியில் பங்குண்டு. அடுத்த முறை சாக்கின் அடியில் பிளாஸ்டிக் உறைகள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அந்த இருவரின் முதுகு பிழைக்கும்.

விதை சேகரித்தவர் ஒரு சங்கடமான வேலையையும் செய்தார். அவரைக்காய் வகைகளின் விதையையும், கூழ் நீங்க இரண்டு மூன்று நாள் நொதிக்கவைத்துக் கழுவிய தக்காளி விதையையும் உறைகளில் எழுதிக் கொடுத்தவர், ஆசையோடு பலர் நீட்டிய பரங்கி விதைகளை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். சிலருக்கு வருத்தம் என்று அறிவேன். ஒருவர் பாத்தியில் பரங்கியும், அடுத்தவர் பாத்தியில் அதே இனத்தைச் சேர்ந்த, வெள்ளரி போல நீண்ட காய் தரும் சுக்கினியும், வேறொருவர் வேலியில் அழகுக்கு வளர்த்த சிறு அலங்காரப் பரங்கிகளும் பூத்திருக்க, தேனீ எல்லாவற்றிலும் புகுந்து புறப்படும் தோட்டம் இது. அந்த விதையிலிருந்து எது முளைக்கும் என்று சொல்ல முடியாது, சில வேளைகளில் உண்ணவே கூடாத கசப்புக் காயும் வரும். அவர் மறுத்தது சரியே.

அறுவடைக்குப் பிறகு, கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாட்களில் வந்தவர்களைக் கடைசியில் குறிப்பிடுகிறேன். அவரைச் செடிகளை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டீர்கள். செடி காற்றிலிருந்து சேர்த்த நைட்ரசனில் பெரும்பகுதி விதையோடு போய்விடுகிறது என்றாலும், வேர் மண்ணிலேயே மக்குவதும் மண் கிளறப்படாமல் இருப்பதும் நமக்கு லாபம்தான். வெறும் பாத்திகளில் கோதுமைக்கு நெருங்கிய குளிர்காலத் தானியப் புல்லான ரையை விதைத்தீர்கள். தண்ணீர் உறைந்து விரிந்து குழாய் வெடித்துவிடாதபடி எல்லாக் குழாய்களையும் வடித்துவைத்தீர்கள். கூர்முனை மேலே பார்க்க, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் பூண்டுப் பற்களை ஊன்றியவர்களின் விரல்கள் அன்று மரத்துப்போயிருந்தன. அந்தப் பற்கள் பல பற்களாகப் பிரிய இந்தக் குளிர்தான் வேண்டும். பலனைக் காண அடுத்த கோடைவரை பொறுக்க வேண்டும்.

அந்த இரவில் வந்த விரிப்புகளும் போர்வைகளும் துவைத்து மடிக்கப்பட்டுக் கருவிக் கொட்டகையின் மேல்தட்டில் உள்ளன. அவரவருடையதை அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நீலப் பூப்போட்ட விரிப்பு ஒன்று பந்தல் கம்பியில் மாட்டி ஓரத்தில் ஒரு முழம் கிழிந்துவிட்டது. அது யாருடையது என்று சொன்னால் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம்.

அன்புடனும் கடப்பாட்டுடனும்,
தோட்டக் குழுவின் சார்பில்