றோட்டு முனியாண்டி கோயில் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

திருப்பணிச் சபை அங்கத்தவர்களுக்கும், உபயகாரர்களுக்கும், வண்டியை ஓரங்கட்டி உண்டியலில் காசு போட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் போன அத்தனை சாரதிமாருக்கும் வணக்கம்.

சென்ற ஆவணியில் பாலஸ்தாபனத்தோடு தொடங்கிய நமது கோயில் திருப்பணி, பங்குனி உத்தரத்துக்கு முந்திய வாரம் கும்பாபிஷேகத்தோடு நிறைவேறியது. நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகமும் குறைவில்லாமல் முடிந்தது. வரவு செலவுக் கணக்கு, பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை இங்கே மறுபடி எழுதவில்லை. கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் எல்லாரும் கேட்டது இரண்டே கேள்விகள். சேர்ந்த பணத்தில் பாதிக்கு மேல் கானுக்கும் (தண்ணீர் ஓடும் வடிகாலுக்கும்) மதிலுக்கும் போனதென்றால் கோபுரம் எங்கே? வாசலில் நாட்டிய கல்வெட்டில் சாமியைப் பற்றி நாலு வரியும் றோட்டைப் பற்றி இருபது வரியும் இருப்பது என்ன நியாயம்? அன்று நேரம் போதவில்லை. ஆறுதலாகப் பதில் எழுதுகிறோம்.

கோயில் நிற்கும் இடத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். பேராதனையில் கொழும்பு – கண்டி வீதியை விட்டுப் பிரியும் ஏ5 வீதி, கம்பளை வரைக்கும் மகாவலியை ஒட்டிச் சாதுவாகப் போகும். புசல்லாவையில் ஏறத் தொடங்கும். தவலந்தென்னையில் கொத்மலைப் பக்கம் திரும்பும். றம்பொடையில்தான் அதன் சுயரூபம் தெரியும். பேராதனை ஐந்நூறு மீட்டர் உயரமும் இல்லை. நுவரெலியா 1868 மீட்டர். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி றம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக ஏறும் மைல்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்து வளைவுகளில் ஒன்றில், பள்ளத்துப் பக்கத்து விளிம்பில், நமது முனியாண்டி நிற்கிறார். எதிரே மலை. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் உள்பக்கக் கானில் ஓடி, றோட்டுக்கு அடியிலுள்ள மதகு வழியாகக் கடந்து, கோயிலுக்குக் கீழே பள்ளத்தில் விழவேண்டும். மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் றோட்டின் மேலேயே குறுக்கே பாய்ந்து, நேரே கோயில் அத்திவாரத்தைத்தான் அரிக்கும். பழைய மண்டபத்தில் விழுந்த வெடிப்புக்குக் காரணம் பத்து வருடமாகச் சாமி குற்றம் என்று பேசிக்கொண்டோம். காரணம் அடைத்துப்போன மதகு.

இங்கே சபை தன் தவறையும் சொல்லவேண்டும். கோயிலுக்குக் கீழே மண்ணைத் தாங்க முதலில் கட்டிய மதிலை, குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பெயர் வேண்டாம்; தெரிவுசெய்தது நாங்கள். மதில் பார்க்க அழகாக இருந்தது, பூச்சு கண்ணாடி மாதிரி. ஆனால் பின்னால் சரளை போடவில்லை, தண்ணீர் கசிந்து வெளியேற ஒரு துளை கூட விடவில்லை. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்ததும், ஊறிய மண் முழுப் பாரத்தோடு சாய்ந்து, மதில் கர்ப்பிணி வயிறு போல் முன்னுக்கு வந்துவிட்டது. இடித்தோம். போன பணம் போனதுதான். கணக்கில் அது தனி வரியாக இருக்கிறது, மறைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான், றோட்டு வேலையில் ஓய்வுபெற்று மேல் லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) இருக்கும் பெரியவர் தடியூன்றிக்கொண்டு இறங்கி வந்தார். இடிந்த கற்களைப் பார்த்தார். "தண்ணியை மறிக்காதீங்க தம்பி. நீங்க வழி விடாட்டி அதுவே வழி எடுத்துக்கிரும்" என்றார். பிறகு, தான் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வளைவில் ஒரு கல் மதகு இருந்ததென்றும், பிறகு அதற்கு மேலேயே மண் போட்டு உயர்த்திவிட்டார்கள் என்றும் சொன்னார். நாங்கள் பாதி நம்பவில்லை. வீதி அதிகாரிகளிடம் அனுமதி பெற்று உள்பக்கக் கானைத் தோண்டியபோது, ஆள் இடுப்பளவு ஆழத்தில், செதுக்கிய கருங்கல்லால் வளைத்துக் கட்டிய மதகின் வாய் தெரிந்தது. சாந்து கரைந்திருந்தது, கல் அசையவில்லை. இளைஞர்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொண்டே உள்ளே போய் மண்ணை வாளியில் இழுத்து எடுத்தார்கள். மூன்றாம் ஞாயிறு பின்னேரம், மறுபக்கத்திலிருந்து தண்ணீர் கலங்கலாக வந்து, அரை மணித்தியாலத்தில் தெளிந்தது. அந்த நேரம் யாரும் பூசை சொல்லவில்லை, ஆனால் ஒருவர் கற்பூரம் கொளுத்திவிட்டார்.

புதிய மதிலை அந்தக் கல் மதகைப் பார்த்தே கட்டினோம். கீழே அகலம், மேலே ஒடுக்கம், மலைப்பக்கம் சாய்வு, பின்னால் சரளை, ஒவ்வோர் அடுக்கிலும் துளை. ஆகவே கோபுரத்துக்குப் பணம் இல்லை. கருவறைக்கு மேல் சிறிய விமானமும், புதிய சூலமும், வேல் நாட்டிய பீடமும், ஓடு மாற்றிய மண்டபமுமே எழும்பின. கோபுரம் கேட்டவர்கள் கோபப்படட்டும். கோயில் அடுத்த ஆடிவரை அதே இடத்தில் நின்றால் அப்போது பேசலாம்.

கல்வெட்டுக்கு வருகிறோம். "இருநூறு ஆண்டு பழமைவாய்ந்த திருத்தலம்" என்று போடவேண்டும் என ஓர் அங்கத்தவர் கடைசிவரை வாதாடினார். நாங்கள் ஒப்பவில்லை. ஒரு கல்லும் ஒரு சூலமுமாக மரத்தடியில் இருந்த சாமிக்கு வருடம் குறித்து வைத்தவர் யாருமில்லை. றோட்டுக்கு வருடம் உண்டு. அதனால் றோட்டின் வரலாற்றை எழுதினோம்.

இருநூறு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதும் அதில் இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பி போட்டார். அங்கே வேலைக்கு வந்தவர்களை வைத்துத்தான் மலையகத் தமிழர் வரலாற்றை 1823இலிருந்து எண்ணுகிறோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம் அந்தக் கணக்கில்தான். நமது வீதி அந்தக் கம்பளையைக் கடந்துதான் மேலே வருகிறது. ஆனால் நம் முன்னோர் மலையகத்துக்குள் வந்த பாதை இது அல்ல. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்கு நடுகல் கூட இல்லை. மாத்தளையைத் தாண்டியவர்களே இந்தப் பக்கத்து ஏற்றங்களைக் கண்டார்கள்.

அடுத்த வரிக்குத்தான் கூட்டத்தில் முணுமுணுப்பு. "இம்மலைநாட்டின் முதல் வீதிகளை இராஜகாரிய ஊழியத்தில் சிங்களக் கிராமத்தவர் வெட்டினர்" என்று எழுதியிருக்கிறோம். அந்த வீதிகளைப் போடுவித்த எட்வர்ட் பார்ன்ஸ் 1824 முதல் 1831 வரை தேசாதிபதி. கண்டி 1815இல் விழுந்ததும், மலைக்குள் படையை வேகமாக நகர்த்தப் பாதை வேண்டியிருந்தது. அரசனுக்குச் செய்த கட்டாய ஊழியமான இராஜகாரியத்தை வெள்ளைக்காரன் கூலியில்லாத றோட்டு வேலையாக மாற்றிக்கொண்டான். 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது. கொழும்பு – கண்டி வீதியை அமைத்த பொறியாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவருக்குக் கோபுரம் நிற்கிறது. கல் சுமந்தவர்களுக்கு இல்லை. நம் ஆட்களின் பங்கு பிறகு வந்தது: தோட்டத்து றோட்டுகள், கல்லுடைப்பு, கான் வெட்டு. அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தவன் வியர்வையை நம் பெயரில் எழுதினால் முனியாண்டி சும்மா விடமாட்டார்.

பேராதனைப் பாலத்துக்கு இரண்டு வரி. 1833இல் முழுக்க முதிரை மரத்தால், நடுவில் தூணே இல்லாமல், 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக மகாவலியின் மேல் கட்டினார்கள். 1905இல் அதை மாற்றும்வரை கொழும்பு – கண்டி வீதிப் போக்குவரத்து அதன் மேலேதான் போனது.

பார்ன்ஸ் நுவரெலியாவைச் சுகவாசத் தலமாக்கித் தனக்கும் வீடு கட்டிக்கொண்டார். றம்பொடை ஏற்றத்துக்குப் பேர் கெட்டது அதன் பிறகு. 1848இல் நுவரெலியாவில் பண்ணை வைக்கச் சாமான் சட்டியோடு வந்த சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரரின் கதையைக் கல்வெட்டில் போட இடமில்லை, இங்கே சொல்லிவிடுகிறோம். அவருடைய குதிரைக்காரன் வண்டியையும் குதிரைகளையும் இந்தக் கணவாயில் பள்ளத்துக்குள் கவிழ்த்தான். சேதமான வண்டியை இழுக்க யானையை அனுப்பினால், அவன் அதன் மேலேறி விரட்டு விரட்டென்று விரட்டி, யானையும் செத்தது. தவலந்தென்னை என்ற பெயரே தவளம் – பொதிமாட்டுக் கூட்டம் – தங்கிய சமவெளி என்பதிலிருந்து வந்தது. மாட்டுக்கு அந்தச் சமவெளியில் நின்று இளைப்பாறத் தெரிந்தது, குதிரைக்காரனுக்குத் தெரியவில்லை.

மாட்டு வண்டிக் காலத்தில் அரிசி மேலே வந்தது, கோப்பி கீழே போனது. வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் கரையோரச் சிங்களவர். ஏற்றம் தொடங்குமுன் இந்தக் கல்லுக்கு அவர்களும் வெற்றிலை வைத்தார்கள் என்பது நம் பாட்டிமார் வாக்கு. அதை "வாய்வழி மரபு" என்று குறித்துத்தான் எழுதியிருக்கிறோம். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. புசல்லாவைக்காரர்கள் பெருமைப்பட ஒன்று உண்டு: ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போடுவதற்கு முன்பே, 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைச் செடியை அங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார்கள். 1885இல் றெயில் நானுஓயாவுக்கு வந்ததும் தூரப் பாரமெல்லாம் தண்டவாளத்துக்குப் போயிற்று. வண்டிச் சத்தம் குறைந்தது. பிறகு லொறியும் பஸ்ஸும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தன.

1964 இலங்கை – இந்திய ஒப்பந்தம் பற்றிய வரியில் யாரும் தகராறு செய்யவில்லை. நம்மவரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு வருடக்கணக்காகத் தகரப்பெட்டியும் பாயுமாக லொறிகள் இந்த வளைவில் நின்று, தேங்காய் உடைத்து, தலைமன்னாருக்கு இறங்கிப் போயின. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகள் சிலர் இந்தத் திருப்பணிக்கு அனுப்பிய பணம் கணக்கில் இருக்கிறது. ஒருவர் குறிப்பில், "அம்மா கடைசியாகத் தேங்காய் உடைத்த கல் இன்னும் இருந்தால் படம் அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார். இருந்தது. அனுப்பினோம். அந்தக் கல்லை மாற்றச் சொன்ன சிற்பியிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பிக் கீழ்ப் பள்ளத்து ஊர்கள் முழுகியதும், வறட்சியில் கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரிவதும், 2008இல் றம்பொடையில் 225 மீட்டர் சுரங்கவழி திறந்ததும் கடைசி மூன்று வரிகள். நுவரெலியாவுக்கு அப்பால் வீதி வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை தாண்டிச் செங்கலடியில் மட்டக்களப்புப் பக்கம் முடிவதை ஒரு கோட்டுப் படமாகச் செதுக்கியிருக்கிறோம். சிங்களத்திலும் அதே வாசகம்.

உபயம் பற்றி ஒரு வார்த்தை. கரட், லீக்ஸ் ஏற்றும் லொறிக்காரர்கள் சீமெந்து இறக்கித் தந்தார்கள். ஆனால் மதிலின் பெரும்பகுதி, நம் தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு பேர் (ஒரு நாள்) சம்பளம் எழுதித் தந்ததால் நின்றது. கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர் விழுந்தவர்களும் முழுப்பேர் தந்தார்கள். அவர்கள் பெயர்களைப் பொறிக்க இடமில்லை என்று சிற்பி சொன்னபோது, சபை உறுப்பினர் பெயர்களை எடுத்துவிட்டு அங்கே பொறித்தோம்.

மிச்சமிருப்பவை: வளைவில் பஸ் நிறுத்தித் தேங்காய் உடைப்பதைத் தடுத்து, மேலே ஒதுக்கிய இடத்துக்கு அனுப்பவேண்டும், உடைந்த சிரட்டைதான் கானை முதலில் அடைக்கிறது. உண்டியல் மாதம் ஒருமுறை மூவர் முன்னிலையில் திறக்கப்படும். கான் துப்புரவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, லயம் லயமாக முறை. வைகாசி மழைக்கு முந்திய முதல் முறை மேல் லயத்தாருடையது. மண்வெட்டி இரண்டும், அலவாங்கு ஒன்றும், நீளக் கயிறு கட்டிய வாளியும் மண்டபத்துப் பின்னறையில். சாவி பூசாரியாரிடம்.

இவ்வண்ணம்,
திருப்பணிச் சபையினர்