தட்டு மறையும் ஆழம்

கொளத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். உன் அறை, ஆபீஸ், ஏரிக்குள் துருத்தி நிற்கும் அந்தப் பாறை, தட்டில் பொரித்த சங்காரா மீன். உன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்று அம்மாவுக்குக் கவலை. எனக்குக் கண் ஏரியை விட்டு நகரவில்லை. தான்சானியாவில் முவான்சாவில் வேலை என்று நீ சொன்ன அன்றே இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். ஊசி, விசா, பெட்டி என்று ஓடியதில் விட்டுப்போயிற்று.

மொட்டைமாடியில் நீ தண்ணீர் மாற்றிய தொட்டிகளில் பாதி சிக்லிட் என்ற வண்ண மீன்களின் தொட்டிகள். அந்த மீன்களின் சொந்தபந்தங்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த ஏரியின் கரையில்தான் இப்போது நீ இருக்கிறாய். விக்டோரியா ஏரி சுமார் 15,000 வருஷத்துக்கு முன்னால் வற்றிக் கிடந்தது. மறுபடி நிரம்பிய பிறகு 500 வகை அளவுக்கு மீன்கள் அதில் பிரிந்து வந்தன. பரிணாமக் கணக்கில் இது கண் மூடித் திறக்கும் நேரம். பாறையில் பாசி சுரண்டுவது ஒரு வகை, நத்தையை ஓட்டோடு நொறுக்குவது ஒரு வகை. வாயில் குஞ்சுகளை அடைகாக்கும் தாயிடமிருந்தே அவற்றைப் பிடுங்கித் தின்னும் வகைகூட உண்டு. இதற்கெல்லாம் கை கொடுத்தது அவற்றின் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. அரைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்வதால் முன்வாய் தன் இஷ்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் தாடை மட்டும் போதாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் இடம் போதாமல் நியரேரே என்ற சிவப்பு சிக்லிட்களையும் இன்னொரு விக்டோரியா வகையையும் பின்பக்கச் சிமெண்ட் தொட்டியில் ஒன்றாக விட்டேன், ஞாபகம் இருக்கிறதா? பச்சைத் தண்ணீர், மேலே ஒரு மஞ்சள் பல்பு. நிறையக் குஞ்சு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். வளர்ந்த பிறகு பார்த்தால் எதற்கும் சேராத மங்கல் நிறம். வாங்கிப் போனவர் நாலு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். தீனியில் கோளாறு என்றே நினைத்தேன்.

காரணம் உன் ஏரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சிவப்பு நியரேரேவும் (தான்சானியாவின் முதல் ஜனாதிபதியின் பெயர்தான்) நீல நிறத்தில் இருக்கும் அதன் நெருங்கிய சொந்தமும் ஒரே பாறையில் வாழ்கின்றன. நீலம் மேலே, சிவப்பு கொஞ்சம் ஆழத்தில். கலங்கிய தண்ணீரில் கீழே போகப் போக நீல ஒளி முதலில் அடங்கி, செம்மஞ்சள்தான் மிஞ்சும். கீழே இருக்கும் மீனின் கண் சிவப்பை நன்றாகப் பார்க்கப் பழகியது. பெண் மீன் தன் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. அப்படியே இரண்டும் தனித்தனியாக நிலைத்துவிட்டன. ஓலே சீஹௌசன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் தொட்டியில் செம்மஞ்சள் விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். பெண் மீன்களுக்கு நீலம் எது, சிவப்பு எது என்று தெரியவில்லை. யாருடன் வேண்டுமானாலும் சேர்ந்தன. என் மஞ்சள் பல்பு அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

கலப்பு என்பதே கெட்டது என்று சொல்லவில்லை. அந்த 500 வகைக்கும் மூதாதையே ஒரு கலப்புதான். ஏறத்தாழ 1,50,000 வருஷத்துக்கு முன்னால் காங்கோப் பக்கத்து மீனும் மேல் நைல் பக்கத்து மீனும் கலந்த வம்சம் அது என்று 2017-ல் மரபணுவை வைத்துச் சொன்னார்கள். கலந்ததில் மரபணுச் சரக்கு கிடைத்தது. அதைப் பலவாகப் பிரித்துக் காப்பாற்றியது தெளிந்த தண்ணீர். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அந்தத் தெளிவுதான் போய்க்கொண்டிருக்கிறது. உன் தட்டில் இருந்த சங்காரா, அதாவது நைல் பெர்ச், 1950களில் அந்த ஏரியில் விடப்பட்டது. 1980களில் அது பெருகியபோது இருநூறு வகை அளவுக்குச் சிறு சிக்லிட்கள் காணாமல் போயின. கொழுப்பு மீன் என்பதால் வெயிலில் காயாது, புகை போட வேண்டும். விறகுக்கு மரம் வெட்டினார்கள், கரை மண் ஏரிக்குள் இறங்கியது. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து தண்ணீரைப் பச்சையாக்கின. நீ தின்றதில் தப்பே இல்லை, நன்றாகச் சாப்பிடு. மனிதர்கள் சங்காராவை நிறையப் பிடித்து அது குறைந்த பிறகுதான் சில சிறு வகைகள் மீண்டு வந்தன. சந்தையில் சாத்தோ என்று விற்பார்கள், அது நம் ஜிலேபி மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதுவும் அந்த ஏரிக்கு வெளியிலிருந்து வந்ததுதான்.

நீ கேட்க வேண்டியது ஃபுரு. அங்கே இந்தச் சின்ன மீன்களுக்கு அதுதான் பேர். விடிகாலையில் படகு வரும் துறைக்குப் போனால் மற்ற மீன்களோடு கலந்து கிடக்கும். யாரும் மதிக்க மாட்டார்கள். நீ ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் படம் பிடி. நிறம் செத்த அரை மணியில் மங்கிவிடும், சீக்கிரம் எடு.

இன்னொன்று. லீவு கிடைத்தால் மகோபே தீவுப் பக்கம் படகில் போய் வா. அங்கே தண்ணீர் தெளிவு, சிவப்பும் நீலமும் தனித்தனி. முவான்சா வளைகுடாவின் உள்ளே லுவான்சோ தீவுப் பக்கம் கலங்கல் அதிகம், இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தண்ணீரில் மட்டும் இறங்காதே. நத்தையிலிருந்து வரும் ஒரு புழு தோல் வழியாக உள்ளே போகும், அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அம்மா கொடுத்தனுப்பிய, உன் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு இருக்கிறதல்லவா? விளிம்பில் மூன்று ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, படகிலிருந்து மெல்ல இறக்கு. தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போடு. மகோபேயில் ஒன்று, லுவான்சோவில் ஒன்று. இரண்டு முடிச்சுக்கும் எத்தனை சாண் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா