மட்டி இல்லை, மாமா

மாமா,

போன ஞாயிறு பாம்பனில் உங்கள் திண்ணையில், அரியலூரில் பொறுக்கிய அந்தப் புதைபடிவத்தை (பழைய கடல் உயிர் கல்லாய் மாறியது) வைத்ததும், புரட்டிக்கூடப் பார்க்காமல் "மட்டிதானடா, இதுக்கா அரியலூர் வரைக்கும் வேன் பிடிச்சுப் போனீங்க?" என்றீர்கள். கூட வந்தவர்களே சிரித்ததில் எனக்குப் பதில் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், பாப்பா போனில் வாசித்துக் காட்டட்டும்.

மட்டிச் சிப்பியின் இரண்டு ஓடும் கும்பிட்ட கை மாதிரி. ஒன்று இடம், ஒன்று வலம், சேர்த்தால் பொருந்தும். ஆனால் ஒரு கையை மட்டும் பார்த்தால் கட்டைவிரல் பக்கம் வேறு, சுண்டுவிரல் பக்கம் வேறு. நான் கொண்டுவந்தது நேர்மாறு. ஒரே ஓட்டின் நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் அச்சு அசல். மேல் ஓடும் கீழ் ஓடும்தான் வேறு வேறு. பெரிய ஓட்டுக்கு வளைந்த மூக்கு, மூக்கில் சின்னத் துளை. அது வழியே தண்டு நீட்டிப் பாறையைப் பிடித்து வாழ்ந்த உயிர். பிராக்கியோபாட் என்பார்கள்.

செத்த மட்டி வாயைப் பிளந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? மூட்டில் இருக்கும் ரப்பர் போன்ற நார் எப்போதும் திறக்கவே பார்க்கும்; உயிர் உள்ளவரை தசைதான் மூடிப் பிடிக்கிறது. பிராக்கியோபாட்டுக்கு அந்த நார் இல்லை. திறக்கவும் தசை, மூடவும் தசை. அதனால் செத்தபின்னும் பெரும்பாலும் மூடியபடியே புதைந்துவிடும். எனக்குக் கிடைத்ததெல்லாம் சோடியாகக் கிடைத்தது அப்படித்தான். உள்ளே பாதி இடம் தண்ணீரை வடிகட்டும் மயிரிழைக் கைகள். அத்தைக்குக் குழம்புக்கு ஆகாது.

அரியலூர்ப் பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து டைனோசர்கள் அழிந்த காலம் வரை கடல் வந்து வந்து போன இடம். நம் பாம்பன் கரையில் மேலெழும்பி நிற்கும் பவளப்பாறைக்குச் சில ஆயிரம் வயதுதான்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் குத்துகிறது. "இங்க பவளக்கல்லத் தூக்கினா கேஸு. நீங்க மட்டும் அங்க மூட்டை கட்டலாமோ?" தனுஷ்கோடி சர்ச் சுவரே பவளக்கல்தான். சுண்ணாம்புக்கு வண்டி வண்டியாய் அள்ளிய காலமும் இருந்தது. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் ஏறியது. வெட்டி எடுத்த பாறை திரும்ப வளர எத்தனை தலைமுறை ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒன்பது பேர். நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு, மழைக்கு உதிர்ந்து ஓடையில் கிடந்ததை மட்டும் பொறுக்கினோம், சுத்தியல் போடவில்லை. ஆனாலும் நான் 31 எடுத்தேன். அதில் 20-ஐ ஒரே பையில் கொட்டி, எந்த ஓடை, எந்த மண் அடுக்கு என்று சீட்டுக்கூட எழுதாமல் வந்துவிட்டேன். வேன் குலுக்கலில் நான்குக்கு மூக்கே போயிற்று. சீட்டில்லாத கல் வெறும் கல். அந்த 20 விஷயத்தில் நீங்கள் கேட்டது சரி.

வருகிற அமாவாசைக்கு நீர் நன்றாக வற்றும்போது எங்களைப் பாறை ஓரம் கூட்டிப்போங்கள். கையை வீசிக்கொண்டு வருவோம், வீசிக்கொண்டே திரும்புவோம்.

உங்கள் டிவி மேல் நான் வைத்துவிட்டு வந்ததன் அடியில் கறுப்பு மையில் 7 என்று இருக்கும். நோட்டில் 7-க்கு எதிரே ஓடை, அடுக்கு, தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். பளபளப்பாகட்டும் என்று அத்தை புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார், சொல்லி வையுங்கள். அது சுண்ணாம்பு, புளிக்குக் கரையும்.