மாடு தொழுவத்தில்தான் நிற்கிறது

பிராசிமாந்தோரோ, மத்திய ஜாவா, நவம்பர் 2025

அஸ்ஸலாமு அலைக்கும் லே, மகனே,

கிழக்கு வீட்டுப் பையன் நாளை ராத்திரி பஸ்ஸில் ஜகார்த்தா பக்கம் பெகாசிக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே திவுலுக்கு மரவள்ளி மாவும் வறுத்த கடலையும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். கடலை பக்கத்துக் கடைக்காரனுக்கும் சேர்த்துத்தான், முழுதும் நீயே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போனில் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாளாக மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அண்ணன் போனை மாற்றியிருப்பான் என்கிறாள் உன் தங்கை. அப்படித்தான் இருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துவிட்டது. மேல்காட்டில் நெல்லும் மக்காச்சோளமும் விதைத்தாயிற்று, வரப்போரம் மரவள்ளிக் குச்சி ஊன்றிவிட்டேன். இந்த வருஷம் வெயில்காலம் வெயில்காலமாகவே இல்லை, ஆகஸ்டிலும் தூறல். ஒரு வகையில் மிச்சம்தான். டேங்கர் தண்ணீர் லோடு ஒன்றரை லட்சம் ரூபியா, தூரம் கூடினால் இன்னும் மேலே. வறண்ட வருஷத்தில் அதற்கென்றே ஆட்டைப் பிடித்து விற்றிருக்கிறோமே, அந்தப் பாடு இந்தத் தடவை இல்லை. ஆனால் காயவைக்கிற மரவள்ளி, காப்லெக், போச்சு. தோல் சீவிய கிழங்கை விடிகாலையில் முற்றத்திலும் ரோட்டோரத்திலும் பரப்புவோம், வெள்ளை வெளேரென்று கிடக்கும். பத்து மணிக்கு மேகம் கூடும். உன் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கைத் தூக்கி ஓடுவாள். மூடுவதும் திறப்பதுமாகவே நாள் போகும். கடைசியில் உள்ளே கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டான். போடா என்று சொல்லிவிட்டேன். கறுத்ததையெல்லாம் அவித்துக் காதோத் செய்து நாங்களே தின்றோம்.

குன்றுப் பக்கம் குரங்குத் தொல்லை முன்னைவிட அதிகம். மரவள்ளியை வேரோடு பிடுங்கி, ஒரு கடி கடித்துவிட்டுப் போட்டுவிடுகின்றன. தின்றாலாவது தின்றது என்று இருக்கும். காவலுக்கு ஆள் கிடையாது. உழவர் குழுக் கூட்டத்துக்குப் போனால் இந்த வயதில் நான்தான் இளவட்டம்! உரத்தைப் பற்றி ஒரு நல்ல சேதி சொன்னார்கள். போன மாதம் அரசு மானிய விலையைக் குறைத்திருக்கிறது, யூரியா கிலோ 2,250 ரூபியாவிலிருந்து 1,800. ஆளில்லாத காட்டுக்கு உரம் மலிந்து என்ன செய்ய, அது வேறு விஷயம்.

மாடு நன்றாக இருக்கிறது. வருஷ ஆரம்பத்தில் கோமாரி பயத்தில் சந்தை படுத்தபோது விற்காமல் விட்டது நல்லதாயிற்று. இப்போது தரகன் வந்து பார்த்துவிட்டு 2 கோடி ரூபியாவுக்குக் குறையாது என்கிறான். நான் பதில் சொல்லவில்லை. அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் அவசரம் வந்தால் விற்பதற்குத்தானே மாடு. அதைச் சொல்லி வைக்கிறேன்.

போன வாரம் உன் சித்தப்பன் பாக் லிக் போனுக்கு ஒருவன் கூப்பிட்டு உன் பெயரைச் சொல்லி, இவனுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறான். பாக் லிக் போனை என்னிடம் நீட்டினான். ராங் நம்பர், அப்படி இங்கே யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊரில் எத்தனையோ போன் வருகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிராம அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது, ஆன்லைன் கடனைப் பற்றி. பொதுவாகத்தான் எழுதுகிறேன். நிதிக் கண்காணிப்பு அமைப்பு ஓஜேகேயிடம் அனுமதி வாங்கிய கடன் செயலி நம் போனில் கேமரா, மைக், இருக்கிற இடம், இந்த மூன்றைத்தான் தொடலாமாம். போனில் சேமித்து வைத்த நம்பர்களைத் தொடக்கூடாதாம். அப்படியென்றால் சம்பந்தமில்லாத சித்தப்பனுக்கெல்லாம் போன் அடிக்கிறவன் எந்த ரகம் என்று நீயே பார்த்துக்கொள். 2021-ல் மந்திரி மஹ்ஃபுத் டிவியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: அனுமதியில்லாதவனுக்குக் கட்ட வேண்டாம், மிரட்டினால் போலீசுக்குப் போங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலியில் வாங்குவதுதான் ஆளை மூழ்கடிக்கும் என்று கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உன் நூடுல்ஸ் வண்டிக்குக் கடன் தேவையென்றால் வங்கியில் கூர் (KUR) என்கிற சிறுதொழில் கடன் இருக்கிறது, வட்டி வருஷத்துக்கு 6 சதவீதம்தான். அலைய விடுவான், பரவாயில்லை, அலை.

நிலச் சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தேடிப் பார்க்கவில்லை, துணி எடுக்கும்போது கண்ணில் பட்டது. சிமெண்ட் ஆலை வருகிறது என்ற பேச்சில் ஆளாளுக்கு நிலத்துக்கு விலை சொல்கிறார்கள். சிலர் கொடுத்தும் விட்டார்கள். மேல்காட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசாதே. மாடு வேறு, நிலம் வேறு.

லெபரன் பெருநாளுக்கு நீ வரவில்லை. முற்றத்தில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் உன் பாட்டி ம்பா எட்டிப் பார்த்தாள். ஊர் முழுக்க ஜகார்த்தா நம்பர் பிளேட், நம் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமில்லை. வேலை என்று சொன்னாய், சரி. பெகாசியே காலியாகிக் கிடக்கும் அந்த வாரத்தில் உன் மீ ஆயாம் கோழி நூடுல்ஸை யார் வாங்கினார்கள் என்று கேட்கலாம்தான். கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு ஓடு போட்டது நீ, தங்கையின் பள்ளிச் செலவைப் பார்த்தது நீ. இதை மசூதியில் நாலு பேரிடம் சொல்லித்தான் வருகிறேன். அவளும் படிப்பை முடித்ததும் தைவான் போகப் போகிறாளாம். ஏஜெண்டுக்குக் கடன் சொல்லிப் போக வேண்டாம் என்று நீ அவளிடம் பேசு, நான் சொன்னால் கேட்பதில்லை.

ஊரில் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. கிராம நிதியில் மேல்தெருவரைக்கும் கான்கிரீட் போட்டாயிற்று. அதில் இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம், ஏறி வருகிறவர்களைக் காணோம். சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றிய கார்ஸ்ட் மியூசியத்தை 2009-ல் ஜனாதிபதியே திறந்துவைத்தார். சுற்றுலா வந்து கொட்டும் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். காஜாமுங்குர் அணைக்கு ஊரைக் கொடுத்துவிட்டுச் சுமத்ராவில் சித்தியுங்குக்குப் போனாரே பெரிய தாத்தா, அவர் பேரன்கள் இன்று செம்பனைத் தோட்டக்காரர்கள். வந்தால் வேலை உண்டு என்று இப்போதும் சொல்கிறார்கள். அதையும் ஒரு வழியாக மனதில் வை. இங்கேயும் பட்டினி இல்லை. மழைக்காலம் முழுக்க ஒரு வண்டி போட்டுப் பார்க்கலாம், சந்தை முக்கில் மீ ஆயாமுக்கு நல்ல கடை ஒன்றுகூட இல்லை.

1998-ல் ஜகார்த்தாவில் கட்டட வேலையெல்லாம் நின்றபோது நான் பஸ் காசுக்கே கடன் வாங்கி ஊருக்கு வந்தேன். ம்பா எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்கவில்லை. திவுலும் வெங்காயச் சம்பலும் எடுத்து வைத்துவிட்டு, கொல்லையில் வேலி சாய்ந்து கிடக்கிறது, தின்றுவிட்டுக் கட்டு என்றாள். அந்த வேலியை இப்போதும் வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. தொழுகையை விடாதே. கடன் விஷயம் பொதுவாகத்தான் எழுதினேன், மறுபடியும் சொல்கிறேன்.

கிழக்கு வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை உன் வண்டிப் பக்கம் வருவான். புது நம்பரை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடு. எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடு. தரகன் புதன்கிழமைவரை காத்திருக்கிறேன் என்றிருக்கிறான்.

அப்பா