தேங்காய்ச் சக்கைய கொட்டாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தீபாவளி பலகாரப் பக்கத்துல தேங்காய் மிட்டாய் செய்முறை போட்டிருந்தீங்க, படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மூணு முழுத் தேங்காய பால் எடுக்காம அப்படியே திருவிப் போடச் சொன்னீங்க பாருங்க, அதுதான் மனசு ஒப்பல. இப்ப தேங்காய் விக்கிற விலைக்கு யாருங்க அப்படிப் போடுவா? மலேசியாவுல பேராக் மாநிலத்துல, பாகான் டத்தோ வரைக்கும் தென்னமரம் நிக்கிற ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கற எங்களுக்கே பாசார்ல (சந்தையில) ரெண்டு தடவ யோசிச்சுத்தான் வாங்க வேண்டியிருக்கு. இந்தோனேசியாவுல இருந்து தேங்காய் இறக்குறாங்கன்னு சொன்னா எங்க பாட்டி நம்பியே இருக்க மாட்டாங்க.

எங்க தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, தேங்காய் மிட்டாய்னாலே சக்கை மிட்டாய்தான். கறிக்கும் இடியாப்பத்துக்கும் பால் பிழிஞ்சது போக மிச்சம் நிக்கிற சக்கை, டீக்கு ஊத்தினது போக டின்னு அடியில கெடக்குற கெட்டி இனிப்புப் பால் (கண்டென்ஸ்டு மில்க்), அதோட சீனி, இவ்வளவுதான் சாமான். இப்ப அந்தச் சக்கைய பையில கட்டி குப்பையில போட்டுட்டு மிட்டாய்க்குன்னு தனியா தேங்காய் வாங்குறோம், இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.

செய்றது இப்படித்தான். கையால பிழிஞ்ச சக்கை ரெண்டு கப்புன்னா சீனி ஒன்றரை கப், டின் பால் அரை கப், பசும்பால் அரை கப், உப்பு ஒரு சிட்டிகை. மெஷின்ல பிழிஞ்சதுன்னா மரத்தூள் மாதிரி காஞ்சு கெடக்கும், அதுக்குப் பால் இன்னும் கொஞ்சம் கூட வேணும், முதல்ல அந்தப் பால ஊத்தி மிக்ஸில ரெண்டு சுத்து விட்டுட்டா வாயில நார் நாரா தட்டாது. எல்லாத்தையும் அடி கனமான குவாலில (வாணலியில) போட்டு சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருக்கணும், போன் பாத்துக்கிட்டு கிண்டுனா அடி பிடிச்சிரும். எண்ணெய்ச் சத்து நிறைய பாலோட போயிருச்சு இல்லையா, அதனால நெய் ரெண்டு ஸ்பூன் கட்டாயம் வேணும், ஆனா அத கடைசியிலதான் விடணும்.

பதம்தான் முக்கியம், உங்க செய்முறையில அது ஒரே வரியில போயிருச்சு. குவாலி ஓரத்த விட்டு மொத்தமா சுருண்டு வரும்போது ஒரு துளி எடுத்து பச்சத்தண்ணில போட்டுப் பாருங்க, மெத்துன்னு உருண்டையா உருட்ட வந்தா இறக்கிடலாம். தெர்மாமீட்டர் வச்சிருக்கற பிள்ளைங்களுக்குச் சொல்றேன், 115 டிகிரி செல்சியஸ் பக்கம். அதுக்கு முன்னாடி இறக்குனா கையில ஒட்டும், தாண்டிப் போச்சுன்னா பொடிப் பொடியா உதிரும். உதிர்ந்தா அழ வேணாம், கொஞ்சம் பால் தெளிச்சு திரும்ப அடுப்புல வச்சா சரியாகிடும். நெய் தடவுன தட்டுல கொட்டி, சூடு முழுசா ஆறறதுக்குள்ள கத்தியால கோடு போட்டுடணும்.

பாசார்ல பழுப்புத் தோலோட திருவித் தர்ற தேங்காய்ல வெள்ளை மிட்டாய் பண்ணா அழுக்கு கலர்லதான் வரும். அதுக்கு ரோஸ் சிரப் ஒரு ஸ்பூன் போதும், கலருக்குக் கலர், வாசத்துக்கு வாசம். பச்சை வேணும்னா பண்டான் (ரம்பை) இலைய அரைச்சு வடிகட்டி ஊத்துங்க. பாட்டில் கலர் எனக்குப் பிடிக்காது, நாக்கெல்லாம் சாயம்லா.

சக்கை நம்ம ஊரு வெயில்ல சீக்கிரம் புளிச்சிரும், பிழிஞ்ச அன்னிக்கே கிண்டணும், முடியலன்னா பையில கட்டி பிரீசர்ல வச்சிடுங்க. புளிச்ச வாடை வந்துட்டா சீனி எவ்வளவு போட்டாலும் மறையாது.

அடுத்த வருஷம் பலகாரப் பக்கம் போடும்போது இந்தச் சக்கை மிட்டாய்க்கும் ஒரு ஓரத்துல எடம் கொடுங்க ஐயா, அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரமே போட்டீங்கன்னா நல்லது, இந்தத் தடவ பேப்பர் வந்தப்ப எங்க வீட்டுல பலகாரமே முடிஞ்சிருச்சு.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்