ஓய்வு பெறும் அரசு வழக்கறிஞர் அம்மாவுக்குத் திருப்பூரிலிருந்து நன்றி மடல்

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கமுங்க. இந்த மாதத்தோடு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். தரவுப் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் சட்ட ஒத்துழைப்பு என்று டெல்லியில் பேசுகிற விஷயங்களைப் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் நீங்கள். பொன்னாடை விழாவில் வந்துவிடும். எதற்கெல்லாம் நன்றி என்று விவரமாக எழுதி வைத்தால், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஆகும்.

முதலில் இமெயில் மோசடி. பையருக்கும் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) ஏற்றுமதியாளருக்கும் நடுவே யாரோ புகுந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் விடுவார்கள். முகவரி பழையது போலவே இருக்கும். ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் சிறிய எழுத்து 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும். பணத்தை மறிப்பது ஒரு வேலை, ஆதாரம் கேட்பது வேறு வேலை என்று பிரித்துக் காட்டினீர்கள். மறிக்க வேண்டியது பணம் அனுப்பியவரின் வங்கி. அது அன்றைக்கே ஸ்விஃப்ட் (வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலையமைப்பு) வழியாகத் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் பணத்தை எடுத்துவிட்டால் கேட்டுப் பலனில்லை. ஆகவே பையர் ஏமாந்திருந்தால் தன் வங்கிக்கும் தன் ஊர் போலீசுக்கும் அவரேதான் சொல்ல வேண்டும். இங்கிருந்து பணம் போயிருந்தால் நம் வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் நாம் சொல்ல வேண்டும்.

ஆதாரம் கேட்கும் பாதை நீளமானது. சைபர் குற்ற விசாரணையில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் இருக்கும் நாட்டுக்கு அதன்படியும், இல்லாத நாட்டுக்கு நாங்களும் இதே உதவியைச் செய்வோம் என்ற உறுதியோடும் கோரிக்கை போக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 112ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தரும் கடிதமானாலும் மத்திய உள்துறை அமைச்சகம் பார்த்துத்தான் அனுப்பும். மாதங்கள் ஓடும். அதற்குள் பதிவுகள் அழிந்துவிடும் என்பதால், முதல் வேலையாக விசாரணை அதிகாரி மெயில் சேவை நிறுவனத்திடம் 'அழிக்காமல் வையுங்கள்' என்று கேட்டுவிட வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு 90 நாள். புதுப்பித்தால் இன்னொரு 90.

கோரிக்கை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான். இரவு 10.15 என்று மட்டும் எழுதுவார்கள். எந்த நாட்டு நேரம் என்று இருக்காது. நம் 10.15, உலகப் பொது நேரத்தில் மாலை 4.45. ஐந்தரை மணி நேரம் தவறினால் அதே ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) வேறொருவர் கையில் இருந்திருக்கும். ஒரே முகவரியைப் பலர் பகிரும் இணைப்பென்றால் அவர்களில் ஒருவரைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். அமெரிக்க நிறுவனத்திடம் மெயிலின் உள்ளடக்கம் கேட்டால், குற்றத்துக்கும் அந்த அஞ்சல்பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று அமெரிக்க நீதிபதி நம்பும்படி காட்ட வேண்டும். 'விசாரணைக்குத் தேவை' என்ற ஒற்றை வரி அங்கே செல்லாது. இவ்வளவையும் ஒரே பக்கப் படிவமாக்கித் தந்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

மோசடி மெயிலை ஃபார்வர்ட் செய்தால் அது வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரங்கள் போய்விடும். மூல வடிவிலேயே கோப்பாகச் சேமித்து, ஹாஷ் மதிப்பெடுத்து (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணக்கீட்டு எண்), சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழின் இரண்டு பகுதிகளையும் நிரப்ப வேண்டும். முதல் பகுதி நம்முடையது, இரண்டாவது நிபுணருடையது. பாதிப் புகார்கள் இந்த இரண்டாம் பகுதி இல்லாமல்தான் நிற்கின்றன என்பது எங்கள் கணிப்பு.

அடுத்து, தொழிலாளர் விவரங்கள். தொழிற்சாலையைச் சரிபார்க்கும் ஆடிட் என்றால் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் ஆதார் நகலைக் கட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் இங்கே சாதாரணம். வேலை தொடர்பான தேவைக்கு முதலாளி விவரம் வைத்துக்கொள்ள 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கண்டவர்க்கெல்லாம் அனுப்பவும் அதுவே அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றீர்கள். வயதைச் சரிபார்க்க வேண்டுமானால் ஆடிட்டர் நம் அலுவலகத்துக்கு வந்தே பார்த்துக்கொள்ளலாம். நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரமும் தர வேண்டும். 250 கோடி ரூபாய் அபராதத்தைச் சொல்லி மிரட்டுகிற ஆலோசகர்கள் ஊரில் நிறையப் பேர். நீங்கள் கேட்டது, மனிதவளப் பிரிவு அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை எப்போது மாற்றினீர்கள் என்று.

அரசுத் தரப்பு என்பதால் எந்தக் கம்பெனியின் தனி வழக்கிலும் கருத்துச் சொல்ல மாட்டேன் என்று கடைசி வரை நின்றீர்கள். சிலருக்கு அதில் வருத்தம்தானுங்க. எங்களுக்கு மரியாதை கூடியது.

தமிழ் எஃப்ஐஆரைத் தேதி, எண் பிசகாமல் ஆங்கிலத்தில் தந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும், சனிக்கிழமை மாலையிலும் போனை எடுத்த வங்கி அந்நியச் செலாவணிப் பிரிவு ஊழியர்களுக்கும், சைபர் கிரைம் காவலர்களுக்கும் எங்கள் நன்றி. படிவத்தின் நகல் வேண்டுவோர் எங்களில் யாரிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பூர், கோவை, கரூர் ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்கு, மனிதவள, மெர்ச்சண்டைசிங் பிரிவு ஊழியர்கள்